எழுதி வைத்த பிரயாணங்கள்



இந்தியக் கடற்படையின் தென்மண்டலத் தலைமையகம் கொச்சியில் உள்ளது. 1953-இல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். கருடா விமானத் தளமும் இங்கேயே இருக்கிறது. ஆகவே, மட்டாஞ்சேரியில் ஓய்வுபெற்ற கடற்படை வீரரும் விமானப்படை வீரரும் சந்தித்தால் பேச்சு இடமாற்றங்களைப் பற்றியே போகும். தாம்பரத்துப் பயிற்சி, ஜோத்பூர் வெயில், தேஜ்பூர் மழை, தகரப் பெட்டிகளுடன் இரயிலேறிய மனைவி, பள்ளி மாறி அழுத பிள்ளை என்று ஒன்றையும் மறைக்கமாட்டார்கள். அனுப்பினவர் யாரென்று மாற்றல் உத்தரவின் கையொப்பம் சொல்லியது.

நாமோ, பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்ததைப் பிள்ளைகளிடம் சொல்ல வெட்கப்படுகிறோம். எண்ணாகமம் 33-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். இஸ்ரவேலர் பாளயமிறங்கிய இடங்களையெல்லாம் மோசே தேவகட்டளையின்படி வரிசையாக எழுதினான். 12 நீரூற்றுகளுள்ள ஏலிமும் அதில் உண்டு. குடிக்கத் தண்ணீரில்லாத ரெவிதீமும் உண்டு.

அன்பானவர்களே, இன்றிரவு குடும்ப ஜெபத்தில், நீங்கள் குடியிருந்த வாடகை வீடுகளைப் பிள்ளைகளுக்கு வரிசையாகச் சொல்லுங்கள். பட்டினி கிடந்த வீட்டையும் விட்டுவிடாதிருங்கள். பசியே நம்மைத் துரத்தியதென்று நினைத்தோம். நம்மை அனுப்பி, அந்த வீட்டிலும் நம்மோடிருந்தவர் கர்த்தரே. அவருக்கே ஸ்தோத்திரம். ஆமென்.