வெயில் அடிக்கிறது, கோடு படுத்துவிட்டது

குன்னூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார். மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர், அதன் பக்கத்தில் சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கணினி: ராஸ்பெர்ரி பை. இன்வெர்ட்டரிடம் சில விநாடிகளுக்கு ஒருமுறை விசாரித்து, எத்தனை வாட் வருகிறது என்று வீட்டுக்காரரின் செல்போனில் கோடாக வரைந்து காட்டுவதுதான் அதன் வேலை.

காலை பதினோரு மணி. மூடுபனி விலகி வெயில் பளீரென்று அடிக்கிறது. செல்போனைத் திறந்தால் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறது. சோலார் போட்டவருக்குப் போன் பறக்கும். அவர் கோயம்புத்தூரிலிருந்து மலையேறி வந்து, கூரைக்கும் ஏறி இறங்கி, "பேனல் நல்லாத்தான் சார் இருக்கு" என்பார். உண்மைதான். இப்படிப்பட்ட கோளாறு பெரும்பாலும் கூரையில் இருப்பதில்லை. படிக்கட்டின் அடியில், சில நூறு ரூபாய் பெறும் சாமான்களில் இருக்கிறது.

ஆளைக் கூப்பிடும் முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பூஜ்யம் காட்டுவது வேறு, ஒன்றுமே காட்டாமல் இருப்பது வேறு. கரன்ட் போனால், பேட்டரி இல்லாத சாதாரண சோலார் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவருக்கு வீட்டிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. மழைக்காலத்தில் மரம் சாய்ந்து லைன் அறுவது நீலகிரிக்குப் புதிதல்ல. அப்போது கணினி யுபிஎஸ்ஸில் ஓடி, கோடு பூஜ்யத்தில் கிடந்தால் அது உண்மையைச் சொல்கிறது என்று பொருள். கரன்ட் இருந்து, இன்வெர்ட்டர் திரையிலும் வாட் ஓடி, செல்போனில் மட்டும் கோடு படுத்தோ படம் காலியாகவோ கிடந்தால்தான் குட்டிக் கணினியின் பக்கம் திரும்ப வேண்டும்.

முதல் சந்தேகம் சார்ஜர் மேல். சோலாரைக் கண்காணிக்கும் கருவி மின்சாரம் போதாமல் தடுமாறுகிறது என்றால் சிரிப்பு வரும். ஆனால் அதிகம் நடப்பது அதுதான். ராஸ்பெர்ரி பை 4-க்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் வரை கொடுக்கும் அடாப்டர் வேண்டும். வீட்டில் சும்மா கிடந்த பழைய போன் சார்ஜரையும் நூல் மாதிரி மெல்லிய கேபிளையும் மாட்டினால் என்ன ஆகும்? கேபிளின் மின்தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே 0.4 வோல்ட் போய்விடும். கிளம்பியது 5, வந்து சேர்வது 4.6. இந்தக் கணினிப் பலகை எச்சரிக்கை கொடுக்கும் எல்லையோ 4.63. அதற்குக் கீழே போனால் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரியும், மானிட்டர் மாட்டியிருந்தால் மூலையில் மஞ்சள் மின்னல் குறி வரும். ‘கெட் த்ராட்டில்ட்’ என்ற கட்டளையைக் கொடுத்தும் கேட்டுப் பார்க்கலாம். பூஜ்யம் என்று பதில் வந்தால் நலம். 50005 என்றால் இந்த நிமிஷமும் பட்டினி. 50000 என்றால் கடைசியாக ஆன் செய்த பிறகு எப்போதோ பட்டினி கிடந்தது, இப்போது பரவாயில்லை. நல்ல அடாப்டரும் குட்டையான, தடித்த கேபிளும் வாங்கி மாட்டினால் பல வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது சந்தேகம் மெமரி கார்டு. கணக்கை எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் பட்டென்று போனால் எழுதியது பாதியில் நிற்கும், கோப்பு சிதையும். பத்துத் தடவை தப்பித்தாலும் பதினோராவது தடவை கணினி எழுந்திருக்காது. பச்சை விளக்கு சிமிட்டாமல் கிடந்தால் பெரும்பாலும் இதுதான். சில விநாடிகளுக்கு ஒருமுறை எழுதுவதை நிமிஷத்துக்கு ஒருமுறை என்று குறைப்பது, கார்டுக்குப் பதில் எஸ்எஸ்டி போடுவது, சின்ன யுபிஎஸ் வைப்பது, இவற்றில் ஏதாவது ஒன்றாவது மலைவீட்டுக்கு அவசியம். ராஸ்பெர்ரி பை 2012 பிப்ரவரி 29-ல் பிரிட்டனில் வெளிவந்தபோது அதன் நோக்கம் பிள்ளைகள் புரோகிராமிங் பழகுவது. நாளுக்கு நாலு தடவை கரன்ட் போகும் இடத்தில் வருஷக்கணக்கில் காவல் இருக்கும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்?

நள்ளிரவில் வெயில் அடித்ததாக வரைபடம் காட்டுகிறதா? பயப்பட வேண்டாம். ராஸ்பெர்ரி பை 5-க்கு முந்தைய பலகைகளில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. 5-லும் பேட்டரியைத் தனியாக வாங்கித்தான் மாட்ட வேண்டும். கரன்ட் வந்தும் இன்டர்நெட் வராவிட்டால், நின்ற நேரத்திலிருந்தே கணினி மறுபடி எண்ணத் தொடங்கும். டிஎஸ்3231 என்ற சின்னக் கடிகாரத் துண்டைச் செருகினால் சரியாகிவிடும்.

விளக்கெல்லாம் சரியாக எரிந்து, இன்வெர்ட்டரிடமிருந்து மட்டும் பதில் இல்லையென்றால் இரண்டு ஒயர்களைப் பார்க்க வேண்டும். இன்வெர்ட்டரையும் கணினியையும் சேர்க்கும் ஆர்எஸ்485 இணைப்பில் ஏ, பி என்று இரண்டு முனைகள். ஒரு கம்பெனி ஏ என்பதை இன்னொரு கம்பெனி பி என்னும். இடம் மாற்றிச் செருகிப் பார்ப்பதால் எதுவும் கெடாது. பனிக்காலமானால் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். பகலில் சூடாகி இரவில் குளிரும் பெட்டிக்குள் வியர்வை போல ஈரம் படியும். ஒயர் பெட்டியின் மேலிருந்து நுழையாமல் அடியிலிருந்து நுழைந்தால் மழைத்தண்ணீர் ஒயர் வழியே உள்ளே இறங்காது.

கடைசிச் சந்தேகம் வானத்தின் மேல். திரையில் வரும் மஞ்சள் மின்னல் மின்சாரம் குறைவு என்கிறது. ஊட்டிக்கு மேல் வெட்டும் மின்னல் நேர் எதிர். ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. இடிமேகம் கடக்கும்போது வானிலிருந்து வரும் மியூவான் துகள்களின் எண்ணிக்கை குறைவதை வைத்து மேகத்துக்குள் இருக்கும் மின்னழுத்தத்தைக் கணக்கிட்டார்கள். 2014 டிசம்பர் 1-ஆம் தேதி வந்த ஒரு மேகத்தில் அது 130 கோடி வோல்ட். 2019-ல் இந்த முடிவு வெளியானது. அத்தகைய மேகத்திலிருந்து மின்னல் நேரடியாக வீட்டில் இறங்கினால் ஐந்து வோல்ட் பலகைக்குப் போக்கிடம் ஏது? ஆனால் பக்கத்தில் எங்கோ இறங்கும் மின்னலும் நீளமான ஒயரில் அழுத்தத்தைத் தூண்டிவிடும்; அதைத் தடுக்கலாம். ஒழுங்கான எர்த், சர்ஜ் புரொடெக்டர், இன்வெர்ட்டருக்கும் கணினிக்கும் நடுவே மின்தொடர்பைத் துண்டித்துத் தகவலை மட்டும் கடத்தும் ஐசொலேட்டட் கன்வெர்ட்டர், இந்த மூன்றும் இருந்தால் சேதம் பெரும்பாலும் கன்வெர்ட்டரோடு போகும், கணினி பிழைக்கும்.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருக்கும் மெமரி கார்டுக்கு அப்படியே ஒரு நகல் எடுத்து, தேதி எழுதி, அந்தப் பெட்டியிலேயே ஒட்டி வையுங்கள்.