ஹாலியின் மரஅரணை

அரணை கடித்தால் மரணம் என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் நம்பிக்கையாகும். இதனால் தோட்டத்தில் அரணையைக் கண்டவுடன் அடித்துக் கொல்வோர் பலர். உடலிற் பட்டைகள் தோன்றுமாயின் பாம்போ என்னும் ஐயமும் சேர்ந்துகொள்ளும். ஆயினும் அரணைகளுக்கு நஞ்சில்லை. நஞ்சைச் செலுத்தும் பற்களும் இல்லை.

இலங்கையில் இவ்வச்சத்துக்கு ஆளாகும் அரணைகளுள் ஒன்று ஹாலியின் மரஅரணை. இதன் தலையிலே கருங்கோடுகள் நீளவாட்டிலும், முதுகிலே அகன்ற கரும்பட்டைகள் குறுக்குவாட்டிலும் அமைந்துள்ளன. நான்கு கால்களும் செவ்வனே வளர்ந்திருத்தலால் இதனைப் பாம்பினின்றும் எளிதிற் பிரித்தறியலாம். இது பெரும்பாலும் மரங்களிலேயே வாழ்ந்து, பூச்சிகளைத் தேடி உண்ணும். முட்டையிட்டு இனம் பெருக்கும்.

இவ்வினம் 1887ஆம் ஆண்டில் ஹாலி, நெவில் ஆகிய இருவர் பெயரால் அறிவியலுலகுக்கு அறிமுகமாயிற்று. ஹாலி கொழும்பு நூதனசாலையின் முதற் பணிப்பாளராவார். இனத்தின் பெயரும் அவரையே குறிக்கும். முதலில் இஃது யூப்பிறெப்பெசு என்னும் சாதியில் வைக்கப்பட்டது. அக்காலத்தில் அச்சாதி பல்வேறு அரணைகளை அடக்கியிருந்தது. பின்னர், மரவாழ்வுக்கேற்ற அரணைகளைக் கொண்ட டாசியா என்னும் சாதியுள் இது சேர்க்கப்பட்டது. அச்சாதியின் பிற இனங்கள் தென்னிந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் உள.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலும் இதனையொத்த பட்டையுடைய மரஅரணை காணப்பட்டது. புறத்தோற்றத்தைக் கொண்டு இரண்டும் ஓரினமென நெடுங்காலம் கருதப்பட்டன. உடலமைப்புடன் மரபணுக்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது அக்கருத்து நிலைக்கவில்லை. 2012ஆம் ஆண்டில் இந்திய அரணை டாசியா யோன்சிங்கி என்னும் தனியினமாகப் பெயரிடப்பட்டது. எனவே, ஹாலியின் மரஅரணை இலங்கையையன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத உயிர் என்பது தெளிவாயிற்று.

இப்பாகுபாடு நூலறிவுக்கு மட்டும் உரியதன்று. இரண்டும் ஓரினமாயின், இங்கு அழிவது அங்காயினும் எஞ்சும் எனக் கருதலாம். தனியினமாதலின் இங்கு அழிந்தால் முற்றாக அழிந்ததேயாகும்.

ஆதலின் கமக்காரர் இவ்வரணையைக் கண்டால் அடியாது விடுதல் வேண்டும். பொந்துகளும் வெடித்த பட்டைகளும் உள்ள முதுமரங்களைத் தேவையின்றித் தறித்தலாகாது. பூச்சிகொல்லிகளையும் இன்றியமையாதவிடத்து மட்டுமே தெளித்தல் நன்று. இரைப்பூச்சிகள் அற்றவிடத்தில் அரணையும் தங்காது. வீண் அச்சத்தை நீக்கினால், கூலியின்றிப் பூச்சி பிடிக்கும் இவ்வுயிர் நம் தோட்டங்களில் நிலைத்து வாழும்.