எறியும் இன்ஹேலரும் தங்கும் கருவியும்

ஆஸ்துமாவுக்கு அழுத்தி உறிஞ்சும் இன்ஹேலர் தீர்ந்ததும், நெகிழிக் கூட்டையும் அலுமினியக் குப்பியையும் ஒருசேர எறிந்துவிடுகிறோம். குப்பியினுள் மருந்தை உந்தும் வாயு எஞ்சியிருக்கும். இன்று பெரும்பாலான இன்ஹேலர்களில் உள்ள அவ்வாயு, அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் புவியை வெப்பமாக்கவல்லது.

மருந்துத்தூளை உறிஞ்சும் கருவியின் வடிவமைப்பே வேறு. கருவி பல மாதங்கள் நம்மிடம் இருக்கும்; ஒவ்வொரு வேளைக்கும் கேப்ஸ்யூலை மட்டும் புதிதாக இடுகிறோம். உந்துவாயுவும் இல்லை. சுழற்சிப் பொருளாதாரம் என்று அறிஞர் கூறுவதற்கு இது எளிய எடுத்துக்காட்டு.

எனினும், தூளை உள்ளிழுக்க மூச்சில் வலு வேண்டும். சிறு குழந்தைகளுக்கும், கடும் மூச்சுத்திணறலில் இருப்போருக்கும், முதியோர் சிலருக்கும் ஸ்பேசருடன் கூடிய இன்ஹேலரே உகந்தது. மருத்துவரைக் கேளாமல் மாற்ற வேண்டா. தடுப்பு மருந்தை நாள்தோறும் முறையாக எடுப்போருக்கு நிவாரண இன்ஹேலர் அடிக்கடி தேவைப்படுவதில்லை. சேமிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

பலர் குப்பியைக் குலுக்கிப் பார்த்து, “இன்னும் இருக்கிறது” என்பர். அவ்வோசை உந்துவாயுவினுடையதாகவும் இருக்கலாம். எண்காட்டி பூச்சியத்தை எட்டும்வரை பயன்படுத்துங்கள், அதன்பின் நம்பாதீர்கள். காலிக் குப்பியைத் துளையிடவோ நெருப்பிலிடவோ கூடாது, வெடிக்கும்.