ஆக்‌ஷன் கேமரா வாங்குமுன் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

தென்னை ஏறுபவருக்கும், நாற்று நடுபவருக்கும், தேன் பெட்டியைத் திறப்பவருக்கும் இரண்டு கைகளும் வேலையிலேயே இருக்கின்றன. அந்த வேலையை அவரே படம் பிடிக்க வேண்டுமானால், கையில் பிடிக்க வேண்டாத கேமரா தேவை. நெஞ்சிலோ தொப்பியிலோ கட்டிக்கொள்ளக்கூடிய, உள்ளங்கையில் அடங்கும் ஆக்‌ஷன் கேமரா இத்தேவைக்கு ஏற்றது. அமெரிக்காவின் கோப்ரோ கம்பெனி 2004-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் கேமரா, கடல் அலையில் சறுக்கி விளையாடுவோர் மணிக்கட்டில் கட்டிக்கொள்வதற்கான ஃபிலிம் கேமரா ஆகும். விளையாட்டுக்கென வந்த கருவி இன்று வயலுக்கும் தோட்டத்துக்கும் வந்துவிட்டது.

ஒட்டுக்கட்டும் முறை, கவாத்து செய்யும் முறை, பனை ஏறும் முறை ஆகியவற்றைப் படமாக எடுத்து வைத்தால் அடுத்த தலைமுறைக்குப் பாடமாக அமையும். வீட்டில் குழந்தை ஓடி விளையாடுவதையும், பெரியவர்கள் வயலில் நிற்பதையும் அதே கேமராவில் பதிவு செய்யலாம். ஆனால் நல்ல கம்பெனியின் புதிய கேமரா ஒன்றின் விலை பெரும்பாலும் ரூ.25,000-க்கு மேல் போகிறது. இரண்டு மூன்று ஆடுகள் வாங்கும் பணம் அது. விலை குறைவு என்று ரூ.3,000-க்கு வாங்கியதும் சில மாதங்களில் பரணுக்குப் போய்விட்டால் அதுவும் நட்டமே. எனவே தேவையை அளந்து, சோதித்துப் பார்த்து வாங்குவது அவசியம்.

முதலில் செல்போனில் முயன்று பாருங்கள்

கையில் இருக்கும் செல்போன் ஓரளவு நல்லதாக இருந்தால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நெஞ்சுப்பட்டை அல்லது சிறிய முக்காலி ஒன்றை மட்டும் வாங்கி, ஒரு வாரம் படமெடுத்துப் பார்க்கவும். வரப்பில் நிறுத்தி வைத்து எடுக்கும் படம், வீட்டு விசேஷம், மாலை வெளிச்சத்தில் எடுக்கும் படம் ஆகியவற்றுக்குப் பல செல்போன்கள் மலிவான ஆக்‌ஷன் கேமராவைவிட நன்றாகவே உள்ளன.

செல்போன் போக முடியாத இடங்கள் சில உண்டு. சேற்றிலும் மழையிலும் வேலை செய்யும்போது, மரம் ஏறும்போது, கிணற்றில் இறங்கும்போது, டிராக்டரின் அதிர்வில் இருக்கும்போது அதைக் கட்டிக்கொண்டு போவது ஆபத்து. வங்கிக் கணக்கும் தொடர்பு எண்களும் அதில்தான் உள்ளன. ஒரு வாரத்தில் இத்தகைய வேலைகளையே படமெடுக்க வேண்டியிருந்தது என்று தெரிந்தால் கேமரா வாங்கலாம். இல்லையெனில் அந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

பெட்டியின் மேல் உள்ள எண்ணை நம்பலாமா?

கடைகளில் எல்லாக் கேமராப் பெட்டிகளின் மேலும் '4கே' என்று அச்சிடப்பட்டுள்ளது. 4கே படம் ஒன்றில் அகலத்தில் 3840, உயரத்தில் 2160 என ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள் இருக்க வேண்டும். ஃபுல் எச்.டி. படத்தில் இருப்பவை 1920-க்கு 1080, அதாவது சுமார் 21 லட்சம் புள்ளிகள். மிக மலிவான கேமராக்கள் பலவற்றில் குறைந்த புள்ளிகளில் படத்தை எடுத்து, பிறகு கணக்குப் போட்டுப் பெரிதாக்கி '4கே' என்று பதிவு செய்கின்றனர். பாலில் தண்ணீர் கலந்து படியைக் கூட்டுவது போன்றது இது. அளவு கூடும், சத்து கூடாது.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. கடையின் வாசலில் நின்று, எதிரே சற்றுத் தொலைவில் உள்ள பெயர்ப்பலகையை முதலில் ஃபுல் எச்.டி.யிலும் பிறகு 4கே-யிலும் பதிவு செய்யவும். இரண்டையும் கேமராவின் சிறிய திரையில் பார்க்காமல், செல்போனிலோ டி.வி.யிலோ பெரிதாக்கிப் பார்க்கவும். 4கே படத்தில் சிறிய எழுத்துகள் கூடுதல் தெளிவாகத் தெரியவில்லை என்றால் அந்த எண் வெறும் அலங்காரமே.

விவசாயிகளுக்குப் பெரும்பாலும் ஃபுல் எச்.டி. தரமே போதுமானது. வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் எப்படியும் சுருக்கப்பட்டே செல்கிறது. ஃபுல் எச்.டி.யில் உண்மையாகத் தெளிவாக எடுக்கும் கேமரா, பொய்யான 4கே கேமராவைவிடப் பல மடங்கு மேல்.

ஆடாத படமே முக்கியம்

வயல் வேலைக்கு எண்ணைவிட முக்கியமானது, படம் ஆடாமல் இருப்பது. நெஞ்சில் கட்டிய கேமரா ஒவ்வொரு அடிக்கும் குலுங்கும். அந்தப் படத்தை ஐந்து நிமிடம் பார்த்தால் தலை சுற்றும். இதைத் தடுக்க, நல்ல கேமராவினுள் கைரோ என்ற நுண்ணிய உணர்கருவி இருக்கிறது. கேமரா எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தது என்பதை அது அளக்கிறது. அதற்கு எதிர்த்திசையில் படம் நகர்த்தப்பட்டு, ஓரங்கள் வெட்டப்பட்டு, நடுப்பகுதி அசையாமல் நிறுத்தப்படுகிறது. இதனை ஸ்டெபிலைசேஷன் என்பர்.

கேமராவைக் கட்டிக்கொண்டு இருபது அடி வேகமாக நடந்து பார்த்தாலே இதன் தரம் தெரிந்துவிடும். எந்தத் தரத்தில் இது வேலை செய்கிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சில கேமராக்களில் ஃபுல் எச்.டி.யில் மட்டுமே வேலை செய்யும். இதற்கு வெளிச்சமும் தேவை. அந்தி வேளையிலும் அடர்ந்த தோப்பு நிழலிலும் ஒவ்வொரு படமும் சற்று இழுபட்டே பதிவாவதால், ஆட்டத்தை நிறுத்தினாலும் மங்கல் நீங்காது.

செய்ய இயலாத வேலைகள்

ஆக்‌ஷன் கேமராவின் லென்ஸ் மிக அகலமாகப் பார்க்கக் கூடியது. அதனால் மூன்று மீட்டர் தொலைவில் நிற்கும் ஆள்கூடச் சிறியதாகத் தெரிவார். முகம் தெரிய வேண்டுமானால் ஒரு மீட்டர் தூரத்துக்குள் வர வேண்டும். குழந்தைகளைப் படமெடுக்கும்போது குனிந்து, அவர்கள் கண் மட்டத்தில் கேமராவை வைத்தால் படம் உயிரோட்டமாக இருக்கும்.

பெரும்பாலான ஆக்‌ஷன் கேமராக்களில் ஃபோகஸ் நிலையாக அமைக்கப்பட்டுள்ளது. ஒரு சாண் தூரத்துக்குள் கொண்டுபோனால் படம் மங்கும். எனவே இலைப்புள்ளி நோய், அசுவினி, பேன் போன்றவற்றைப் படமெடுத்து வேளாண்மை அலுவலருக்கு அனுப்ப இது உதவாது. அதற்குச் செல்போனே சிறந்தது. இரவு விசேஷங்களுக்கும் மலிவான ஆக்‌ஷன் கேமரா ஏற்றதல்ல.

தண்ணீரும் வெயிலும்

தண்ணீர் புகாத கேமராக்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் கேமராவே தண்ணீரைத் தாங்கும். கோப்ரோவின் ஹீரோ 5 பிளாக் 2016-இல் வந்தபோது தனிக்கூடு இல்லாமலே 10 மீட்டர் ஆழம் வரை தாங்கக் கூடியதாக இருந்தது. இரண்டாவது வகையில் கேமரா தண்ணீரைத் தாங்காது; உடன் தரும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்தால்தான் தாங்கும். '30 மீட்டர்' என்று மலிவான பெட்டிகளில் எழுதியிருப்பது பெரும்பாலும் இந்தக் கூட்டுக்கான கணக்கு. கூட்டுக்குள் வைத்தால் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும், சூடும் தங்கும். வேலை செய்துகொண்டே விளக்கம் சொல்ல விரும்புவோர் முதல் வகையையே வாங்குவது நல்லது.

வெயில் இதற்குப் பெரும் பகை. காற்றில்லாத நண்பகலில் ஓரிடத்தில் நிறுத்தி நீண்ட நேரம் பதிவு செய்தால், கேமரா சூடாகித் தானே நின்றுவிடும். ஐந்து பத்து நிமிடத் துண்டுகளாக எடுத்து, இடையில் நிழலில் வைக்க வேண்டும். டிராக்டர் இருக்கையிலோ வண்டியின் பெட்டியிலோ விட்டுவிட்டுப் போகக் கூடாது, பாட்டரி உப்பிவிடும்.

உண்மையான செலவு

கேமராவின் விலை மட்டும் செலவு அல்ல. ஒரு பாட்டரி ஏறக்குறைய ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரமே வரும். எனவே மற்றொரு பாட்டரி தேவை. மெமரி கார்டு, நெஞ்சுப்பட்டை, காற்றின் இரைச்சலைக் குறைக்கும் பஞ்சு உறை ஆகியவையும் வேண்டும். கையில் உள்ள தொகையில் ஐந்தில் ஒரு பங்கை இவற்றுக்கு ஒதுக்கிவிட்டு, மீதிக்கு மட்டுமே கேமரா பார்க்க வேண்டும். ரூ.10,000 இருந்தால் ரூ.8,000-க்கு உட்பட்ட கேமராவே பொருந்தும்.

விநாடிக்கு 60 மெகாபிட் வீதம் பதிவாகும் 4கே படம் ஒரு நிமிடத்துக்கு 450 எம்.பி., ஒரு மணிக்கு 27 ஜி.பி. இடம் பிடிக்கும். 64 ஜி.பி. கார்டில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுக்கலாம். கார்டின் மேல் 'வி30' அல்லது 'யு3' என்ற குறி இருக்க வேண்டும். விநாடிக்குக் குறைந்தது 30 எம்.பி. எழுதும் வேகத்தை அது காட்டுகிறது. போலிக் கார்டுகள் மிகுதியாக உலவுவதால், வாங்கியதும் ஒரு முறை முழுவதும் நிரப்பி, கடைசிப் படம்வரை ஓடுகிறதா என்று பார்க்கவும்.

எதை வாங்கலாம்?

பெயர் தெரியாத, ரூ.2,000 முதல் ரூ.4,000 வரையிலான கேமராக்கள் பெரும்பாலும் விளையாட்டுப் பொருளாகவே பயன்படும். எஸ்.ஜே.கேம், அகாசோ போன்ற சீனக் கம்பெனிகளின் நடுத்தர விலைக் கேமராக்களில் கைரோ உள்ளவையும் உண்டு, இல்லாதவையும் உண்டு. நடந்து பார்த்துச் சோதித்த பிறகே வாங்க வேண்டும்.

குறைந்த செலவில் நல்ல தரம் வேண்டுவோர், பெரிய கம்பெனிகளின் பழைய மாடல்களை இரண்டாம் கையில் பார்க்கலாம். 2018-இல் வந்த கோப்ரோ ஹீரோ 7 பிளாக், 2019-இல் வந்த டி.ஜே.ஐ. ஆஸ்மோ ஆக்‌ஷன் ஆகியவற்றில் ஸ்டெபிலைசேஷன் சிறப்பாக இருக்கிறது. இதில் ஓர் எச்சரிக்கை தேவை. ஹீரோ 7 என்ற பெயரிலேயே வொயிட், சில்வர் என்ற மாடல்களும் வந்தன. அவற்றில் பாட்டரியைக் கழற்ற முடியாது. பிளாக்கில் உள்ள உயர்ந்த ஸ்டெபிலைசேஷனும் இல்லை. ஹீரோ 8-இல் லென்ஸின் முன்கண்ணாடியைக் கழற்றி மாற்ற இயலாது. கீறல் விழுந்திருந்தால் அதை விட்டுவிட வேண்டும். 2024-இல் வந்த 86 கிராம் எடையுள்ள 'ஹீரோ' சிறியது, இலேசானது. ஆனால் அதிலும் பாட்டரியை மாற்ற முடியாது. ஆட்டத்தைப் பிறகு செல்போன் செயலியில்தான் நீக்க வேண்டும். நாள் முழுவதும் வயலில் இருப்போருக்கு இது இடைஞ்சலாகும்.

பழைய கேமராவில் பாட்டரி உப்பியுள்ளதா, மூடியின் ரப்பர் வெடித்துள்ளதா, எல்லாப் பொத்தான்களும் வேலை செய்கின்றனவா என்று பார்க்கவும். அதன் ரப்பரை நம்பித் தண்ணீரில் இறக்க வேண்டாம். புதியதை வாங்குவோர் ஜி.எஸ்.டி. எண்ணுள்ள பில்லையும் வாரண்டி அட்டையையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

பயன்படுத்தும்போது

* நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆகும். கேமராவிலும் 50 ஹெர்ட்ஸ் என்று அமைத்தால், வீட்டு விளக்கொளியில் படம் மினுக்குவது குறையும்.

* கதிரடிக்கும் இயந்திரம், தட்டை வெட்டும் இயந்திரம், டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு ஆகியவற்றின் அருகில் வேலை செய்யும்போது பட்டைகளைக் கட்டிக்கொள்ளவே கூடாது. தொங்கும் நாடா சிக்கினால் உயிருக்கே ஆபத்து. கேமராவைத் தள்ளி ஒரு கம்பில் பொருத்தவும்.

* மரம் ஏறுவோர் பாதுகாப்புப் பட்டையை முதலில் கட்டி, அதன் பிடிப்புக்கு இடையூறு இல்லாதவாறு கேமராவை அமைக்க வேண்டும். எதை எடுக்கிறோம் என்ற நினைப்பு ஏறும்போது இருக்கக் கூடாது.

* மருந்து தெளிக்கும்போது கேமராவை உடலில் கட்டாமல், காற்று வரும் திசையில் தூரமாக நிறுத்தவும். மருந்துபட்ட கையால் தொட வேண்டாம்.

* வேலைக்கு வந்தவர்களைப் படமெடுக்குமுன் அவர்கள் சம்மதத்தைக் கேட்பது முறை. குழந்தைகளின் படத்தை ஊருக்கெல்லாம் பரப்புவதைத் தவிர்க்கவும்.

எடுத்த படத்தைக் காக்க

விதையைச் சேமிக்காமல் விளைச்சலை மட்டும் பார்ப்பதுபோல, படத்தை எடுத்துவிட்டுக் கார்டிலேயே விட்டுவைப்போர் பலர். கார்டு நிறைந்ததும் பழையது அழிக்கப்படுகிறது. அல்லது கார்டே கெட்டுப்போகிறது. வாரம் ஒரு முறை வேண்டாதவற்றை நீக்கி, வேண்டியவற்றைக் கணினியிலோ ஹார்டு டிஸ்கிலோ மாற்றி, இன்னொரு பிரதியை வேறு ஒரு வீட்டில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தேதி, பயிர், ஆளின் பெயர் எழுதி வைத்தால் பிறகு தேடி எடுப்பது எளிது.

கேமரா பழையதாகிவிடும், அடுத்த ஆண்டே அதைவிட நல்லது வரும். ஆனால் ஊரில் கடைசியாகப் பனை ஏறத் தெரிந்த பெரியவர் ஏறும் முறையை மறுபடி எடுக்க வாய்ப்புக் கிடைக்காது. எனவே விலை குறையட்டும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதும் சரியல்ல. இன்று கையில் செல்போன்தான் இருக்கிறது என்றால், அதைக் கொண்டே பெரியவரின் வேலையை இந்தப் பருவத்திலேயே பதிவு செய்துவிடுவது நல்லது.