பிளஸ் 1-ல் எந்த குரூப் எடுத்தால் டாக்டர் ஆகலாம்? பயாலஜி இல்லாதவங்களுக்கும் வழி இருக்கா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் தாயில்பட்டி வீடுகளில் எழும் முதல் கேள்வி, "எந்த குரூப் எடுக்கிறது?" அப்பா, அம்மா பட்டாசு ஆலை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், தோழி எடுத்த குரூப்பையே எடுத்துவிடும் பிள்ளைகள் உண்டு. ஆனால், எம்பிபிஎஸ் கனவு அந்த ஒரு முடிவில்தான் தொடங்குகிறது.

எந்த குரூப் ஓகே?

பிளஸ் 2-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் கட்டாயம். கணிதத்தோடு பயாலஜி உள்ள ‘ஃபர்ஸ்ட் குரூப்’, தாவரவியல் - விலங்கியல் உள்ள ‘ப்யூர் சயின்ஸ்’ இரண்டுமே செல்லும். முதலாவதை எடுத்தால் இன்ஜினீயரிங் வாய்ப்பும் கையில் இருக்கும்.

மேத்ஸ் இல்லைன்னா பின்னடைவா?

இல்லை. நீட் தேர்வின் 720 மதிப்பெண்களில் உயிரியலுக்கு மட்டும் 360. இயற்பியல், வேதியியலுக்குத் தலா 180. கணிதத்துக்குத் தனிப் பகுதி கிடையாது. ஆனால், இயற்பியல் கணக்குகளைப் போட்டுப் பழகியே ஆகணும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தாச்சே?

கவலை வேண்டாம். பிளஸ் 2 முடித்தபின் அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் நீட் எழுதலாம் என 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. என்ன, கூடுதலாகக் கொஞ்ச காலம் செலவாகும்.

டிகிரி படித்துவிட்டுப் போகலாமா?

அமெரிக்காவில் பெரும்பாலும் டிகிரி முடித்த பிறகே மருத்துவக் கல்லூரி. இங்கே அப்படியில்லை. பி.எஸ்சி.யில் எந்தப் பாடம் படித்தாலும் அதற்கெனத் தனி மதிப்பெண் கிடையாது. நீட் ரேங்க்தான் பேசும். நீட் எழுத உச்ச வயது வரம்பும் இல்லை.

பலரும் கவனிக்காத விஷயம்

குரூப் அளவுக்குப் பள்ளியும் முக்கியம். 2020-ல் வந்த 7.5% உள் ஒதுக்கீடு, பொதுவாக 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே. கோச்சிங்குக்காக பிளஸ் 1-ல் தனியார் பள்ளிக்கு மாறினால் அந்தச் சலுகை போய்விடும். அரசு உதவிபெறும் பள்ளிக்கு மாறினாலும் அதே கதைதான்.

2022 ஜனவரியில் விருதுநகரிலேயே 150 இடங்களுடன் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. டாக்டருக்குப் படிக்க இப்போது மாவட்டத்தைத் தாண்ட வேண்டிய அவசியமில்லை. எனவே, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒருமுறை பேசிடுங்க. குரூப் பெயரை மட்டும் பார்க்காமல், அதிலுள்ள பாடங்களையும் பாருங்க.