மோட்டார்ப் பந்தயச் சாரதி

பத்மநாபபுரம் கோட்டையை அடுத்த தக்கலைக் கடைத்தெரு வழியே நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்திற்கும் செல்லும் வண்டிகள் இரவும் பகலும் ஓயாது ஓடுகின்றன. அவற்றுள் மிக விரைந்து செல்லும் வண்டியின் சாரதியைச் சூரன் எனப் புகழும் இளைஞர் நம்மிடையே பலர். பொதுவழியிற் காட்டும் வேகம் சூரத்தனம் அன்று. அது பிறர் உயிருக்கு உலை வைப்பதாகும். வேகத்தையே ஒரு வித்தையாகப் பயின்று, அதற்கென வகுத்த களத்தில் ஓட்டுபவரது வாழ்க்கை எத்தகையது என்பதைத் தமிழர் ஒருவரது வரலாறு கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 1977-ம் ஆண்டிற் பிறந்தவர். அவர் தந்தையார் தென்னிந்திய ராலிப் பந்தயத்திற் பலமுறை வென்றவர். ஆலைகளும் கடைசல் பட்டறைகளும் மலிந்த அந்நகரிலே, கரிவர்தன் என்பார் மாருதி எஞ்சினைக் கொண்டு ஒற்றையாசனப் பந்தய வண்டிகளைக் குறைந்த செலவிற் செய்து இளைஞர் கைக்கு எட்டுமாறு அளித்தார். நரேன் 1992-ல் பிரான்சு தேசத்துப் பள்ளியொன்றிற் பயின்று, மறுவருடம் அத்தகைய வண்டியிலேயே பந்தயம் தொடங்கினார். 1994-ல் இங்கிலாந்தில் ஒரு குளிர்காலப் பந்தயத் தொடரை வென்றார். 1996-ல் ஆசியப் பார்முலாப் பட்டமும் அவருக்காயிற்று.

இனி, இவ்வித்தையின் சிக்கலைக் கூறுவோம். மல்லனுக்கு உடலே கருவி. ஆதலின் அவன் வலிமையை அளப்பது எளிது. பந்தயச் சாரதியோ பிறர் சமைத்த இயந்திரத்தில் அமர்ந்திருக்கிறார். மட்டமான வண்டியிற் கடைசியாக வருபவர் திறமையற்றவரா, வண்டியற்றவரா? காண்போர்க்குத் தெரியாது. நல்ல வண்டியோ பெரும்பொருளின்றிக் கிட்டாது.

2005-ல் நரேன் ஜோர்டான் குழுவிற் சேர்ந்து, பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவ்வருடம் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் களத்தில், சரிவான வளைவொன்றின் அழுத்தத்தை மிஷெலின் டயர்கள் தாங்கா எனக் கண்டு, அவற்றைப் பூட்டிய பதினான்கு வண்டிகள் விலகின. எஞ்சிய ஆறனுள் நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். ஆறு பேரில் நான்காமிடம் ஒரு பெருமையா என நகைப்பார் உளர். நாம் நகையோம். அவ்வோட்டத்தில் இந்தியர் ஒருவர் பெற்ற புள்ளிகள் இன்றளவும் அவையே.

ஆறாண்டு கழித்து அவர் ஏறிய எச். ஆர். டி. வண்டி மிகவும் பின்தங்கியது. முதல்வரது நேரத்தினும் நூற்றுக்கு ஏழு பங்கிற்கு மேல் தாமதிப்போர் பந்தயத்திற் சேரலாகாது என்பது விதி. முதல்வர் ஒரு சுற்றை 90 வினாடியில் முடித்தால், ஏனையோர் 96.3 வினாடிக்குள் முடித்தாக வேண்டும். 2011-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் அவர் குழுவின் இரு வண்டிகளும் அவ்வெல்லையை எட்டவில்லை. அவ்வருடமே ஸ்பெயினின் வலென்சியா நகரில் இருபத்து நான்கு வண்டிகளும் பழுதின்றி ஓடி முடிக்க, இருபத்து நான்காவதாக வந்தவர் நரேன். பந்தயத்தின் வரலாற்றில் அவ்விடத்தைப் பெற்றார் அவருக்கு முன் எவருமிலர்!

இதன் பின்னர் அவர் ஜப்பான் சென்று ஒற்றையாசன வண்டிகளைச் சில ஆண்டு ஓட்டி, 2019-ல் கூரையுடைய வண்டிகளுக்கு மாறினார். 'டூரிங் கார்' என்னும் வகைக்கு நெருங்கியவை இவை. புறத்தோற்றம் கடையில் விற்கும் வண்டியை ஒக்கும். உள்ளமைப்போ முற்றும் பந்தயத்திற்கென்றே ஆயது. சக்கரங்கள் மூடப்பட்டிருத்தலால் சாரதிகள் ஒருவரை யொருவர் உரசியும் ஓட்டுவர்.

அவ்வருடம் நவம்பர் 24-ம் நாள் புஜிமலை யடிவாரக் களத்தில், ஜெர்மனியின் டூரிங் வண்டிகளும் ஜப்பானின் சூப்பர் ஜி. டி. வண்டிகளும் ஒருங்கே போட்டியிட்டன. எல்லா வண்டிகளுக்கும் ஒரே கம்பெனியின் டயர்கள் பூட்டப்பட்டன. நாற்பத்திரண்டு வயதான நரேன், நகாஜிமா குழுவின் ஹோண்டா வண்டியில், அன்றைய ஓட்டத்தின் முதல்வராக வந்தார். கடைசியிடத்தில் அவரைக் கண்டவர்கள் அன்று அவரை முதலிடத்திற் கண்டார்கள். கைகள் அவையே, வண்டிதான் வேறு.

கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் கரிவர்தன் பெயரால் 2003 முதல் ஒரு பந்தயக் களம் உள்ளது. கல்லூரி மாணவர்கள் தாமே சமைத்த வண்டிகளின் போட்டிகளும் அங்கு நிகழ்ந்துள்ளன. விருப்பமுள்ள நம் மாணவர் அங்கே சென்று காணலாம்.