மாறிவரும் கணிப்பொறி மொழிகள்

மும்பையின் கிழக்கே, தாணே உப்பங்கழிக்கு அப்பால் அமைந்துள்ளது வாஷி. 1970-இல் நிறுவப்பெற்ற சிட்கோ என்னும் அரசு நிறுவனம் உருவாக்கிய நவி மும்பையின் ஒரு பகுதி இது. 1992-இல் மான்கூர்டிலிருந்து கழியைக் கடந்து இரயில் பாதை இங்கு வந்தது. வாஷி நிலையத்தின் மேலேயே அலுவலகக் கட்டடங்கள் எழுந்தன. மென்பொருள் நிறுவனங்கள் அவற்றில் இடம்பெற்றன. செம்பூரில் வாழும் தமிழர் பலர் இப்பாதை வழியே பணிக்குச் சென்று வருகின்றனர்.

மென்பொருள் தொழிலுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. கொத்தனாரின் தூக்குக்குண்டும் தச்சரின் உளியும் தலைமுறைக்கணக்கில் பெரிதும் மாறுவதில்லை. நிரல் எழுதுவோரின் கருவிகளோ சில ஆண்டுகளிலேயே பழமையடைகின்றன. இம்மாற்றத்தின் காரணம் யாது? அதனை எவ்வாறு எதிர்கொள்வது?

மும்பை கண்ட முதல் மாற்றம்

இவ்வினாக்கள் புதியன அல்ல. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆர். நரசிம்மன் முன்னின்ற குழு ஒரு கணிப்பொறியை அமைத்தது. 1960-இல் இயங்கத் தொடங்கிய அதற்கு, 1962-இல் பிரதமர் நேரு டிஃப்ராக் எனப் பெயரிட்டார். ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழல்கள் கொண்ட அப்பொறியின் நினைவகம் 2,048 சொற்களைக் கொண்டது. ஒவ்வொரு சொல்லும் 40 பிட் நீளமுடையது.

1964-இல் அதே நிறுவனத்திற்கு சி.டி.சி. 3600 என்னும் பெரும் பொறி வந்தது. அதன் சொல் நீளம் 48 பிட். கட்டளைகளின் அமைப்பும் வேறு. ஆதலின், பழைய பொறியின் கட்டளைகளில் எழுதப்பட்டவை புதிய பொறியில் அப்படியே இயங்க இயலாது. இத்தகைய இடர்ப்பாட்டிற்குத் தீர்வாக அமைந்தவையே உயர்நிலை மொழிகள். 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியில் கணிதச் சமன்பாட்டைப் போன்றே கட்டளையை எழுதலாம். அதனைக் குறித்த பொறியின் கட்டளைகளாக மாற்றும் பணியைத் தொகுப்பான் என்னும் நிரல் மேற்கொள்ளும். பொறி மாறினாலும் எழுதியது பெரும்பாலும் நிலைத்தது.

மாற்றத்தின் விளைவுகள்

எனினும் மொழிகளும் மாறின. முன்னர்ச் செய்த வடிவமைப்புப் பிழைகளைத் திருத்துவதும், புதிய தேவைகளுக்கு இடமளிப்பதும் இதற்குக் காரணங்கள். பைத்தான் மொழி இதற்குத் தக்க சான்று. 2008-இல் அதன் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. 2020 சனவரி முதல் நாளோடு இரண்டாம் பதிப்பிற்கான ஆதரவு நின்றது. முழு எண்களாகிய 5-ஐ 2-ஆல் வகுக்கப் பணித்தால், பழைய பதிப்பு 2 என்று விடை தரும், புதியது 2.5 என்று தரும். இரு நாள்களில் 5 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று எனக் கொள்வோம். அதன் சராசரியைக் காணும் நிரல் எந்தப் பதிப்பில் இயங்குகிறது என்பதை அறியாத பணியாளர், தவறான அளவையே ஏட்டில் பதிவார். பொறி எவ்வித எச்சரிக்கையும் தராது என்பதே இதில் உள்ள இடர்.

சட்டகங்கள் இன்னும் விரைவாக மாறுகின்றன. வீட்டிற்குத் தூணும் உத்தரமும் போல, மென்பொருளுக்குரிய பொதுவான அமைப்பை முன்கூட்டியே தருவது சட்டகம். 2010-இல் வெளிவந்த ஆங்குலர் ஜே.எஸ். பரவலாகப் பயன்பட்டது. 2016-இல் அதன் வழித்தோன்றல் அடியோடு மாற்றி எழுதப்பட்டது. 2021 இறுதியில் பழையதற்கான ஆதரவு நின்றது. ஆதரவு நின்ற மென்பொருள் உடனே செயலிழப்பதில்லை. ஆனால் அதில் புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளை ஆக்கியோர் அடைப்பதில்லை.

ஆசிரியர் கருதத்தக்கது

1990-இல் வெளிவந்த டர்போ சி++ என்னும் தொகுப்பானை இந்தியக் கல்விக்கூடங்கள் பல நெடுங்காலம் பயன்படுத்தின. சி++ மொழிக்கு 1998-இலேயே பன்னாட்டுத் தரம் வகுக்கப்பட்டுவிட்டது. ஆதலின், வகுப்பில் முழு மதிப்பெண் பெற்ற மாணவரின் நிரலைப் பணியிடத்துத் தொகுப்பான் முதல் வரியிலேயே மறுக்க நேர்ந்தது. குறை மாணவருடையதன்று, கருவியின் பழக்கத்தை மொழியின் இலக்கணமாகக் கற்பித்ததே குறை. தமிழ்நாட்டில் 2019-இல் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பைத்தானைச் சேர்த்துக்கொண்டது.

ஆனால் புதியன அனைத்தையும் துரத்திச் செல்வது அறிவுடைமையாகாது. வானிலைக் கணிப்பு மாதிரிகள் பல இன்றும் ஃபோர்ட்ரானில் இயங்குகின்றன. வங்கிக் கணக்குகளில் கோபால் மொழி இன்றும் பயன்படுகிறது. மேலும், மாறி, நிபந்தனை, சுழற்சி, செயற்கூறு, தரவுகளை ஒழுங்குபடுத்தும் முறை ஆகியவை பெரும்பாலான மொழிகளுக்கும் பொதுவானவை. ஃபோர்ட்ரானின் சுழற்சியை நன்கு உணர்ந்தவருக்குப் பைத்தானின் சுழற்சி அயலாகத் தோன்றாது.

ஆகவே கற்போர் கைக்கொள்ள வேண்டிய முறை எளியது. அடிப்படைகளை முதலில் உறுதியாகப் பயில வேண்டும்; ஒரு மொழியையேனும் ஆழ்ந்து அறிய வேண்டும். புதிய பதிப்பு வருங்கால் அதனுடன் வெளியாகும் மாற்றக் குறிப்பைப் படித்தல் வேண்டும். விடை முன்னரே தெரிந்த சிறு கணக்குகள் சிலவற்றைச் சேமித்து வைத்து, பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் இயக்கி ஒப்பிட வேண்டும். மேற்கூறிய வகுத்தற் கணக்கைப் பள்ளியின் ஒரு பாடவேளையிலேயே செய்து காட்டலாம். பொறி தரும் விடையைச் சரிபார்க்காமல் ஏற்கலாகாது என்பதை மாணவர் அன்றே உணர்வர். அவர் பயிலும் மொழி பின்னர் மாறினும் அப்பழக்கம் பயன் தரும்.